அக்கா பெயரில் ஒரு நேர்காணல்

அத்தியாயம் 14

அந்த வீட்டில் ஒரு பெயரை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முதல் வாரத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு இது தெரியும். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு இரண்டு பெண்கள். பெரியவள், சின்னவள். அப்பா அவர்கள் பள்ளிக்கூடம் போகும்போதே காலமாகிவிட்டார். அம்மா தையல் மெஷினை மிதித்து மிதித்தே இரண்டு பேரையும் ஆளாக்கினாள். பெரியவள் நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கினாள். வெளிநாட்டில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற வேலையும் கிடைத்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்து, பெட்டி கட்டி முடித்த வாரத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவே இல்லை.

உயிர் போன நேரத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் இல்லை. மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். அப்புறம் எல்லாம் முடிந்து எடுத்துக்கொண்டு போனபோதும், உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யார் தட்டியும் திறக்கவில்லை. அன்றைக்குத் தொடங்கியது இது. யாராவது கேட்டால், பெரியவள் வெளிநாட்டில் டீச்சராக இருக்கிறாள் என்பாள். சிலிண்டர் போட வருகிறவரிடம் சொல்வாள், துணி அளவு கொடுக்க வருகிறவர்களிடம் சொல்வாள். விஷயம் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். தெரியாதவர்கள், கொடுத்துவைத்தவள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒரு தடவை சின்னவள் திருத்தப் பார்த்தாள். அம்மா அன்னம் தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அதோடு சின்னவளும் விட்டுவிட்டாள். பெயரை எடுத்தால்தானே பேச்சு வரும்? பெயரையே எடுப்பதில்லை என்று ஆகிவிட்டது. ஆகவே நானும் எழுதப் போவதில்லை.

ஹாலில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று நம் நேரம். இன்னொன்று அந்த நாட்டு நேரம். அம்மா நேரங்கெட்ட நேரத்தில் போன் போட்டு எழுப்பக் கூடாது என்று பெரியவள் கிளம்புவதற்கு முன்னாலேயே மாட்டிவைத்தது. இன்றுவரை அது நின்றதில்லை. பேட்டரி தீர்கிற மாதிரி இருந்தாலே அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறிவிடுவாள்.

அந்த இரண்டாவது கடிகாரத்துக்குக் கீழேதான் சின்னவள் வளர்ந்து ஆளாகிக்கொண்டிருந்தாள். காலேஜில் இரண்டாவது வருஷத்தோடு படிப்பை நிறுத்தியவள் அவள். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது? இப்போது ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் நடக்கிற டியூஷன் சென்டரில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். கீழேயிருந்து ஆசிட் நெடி ஏறி வரும், மேலே பிள்ளைகள் கத்திக்கொண்டு இருக்கும். இங்கிலீஷ் கற்பிப்பதற்கென்றே இருக்கிற சான்றிதழ்ப் படிப்பையும் ஆன்லைனில் முடித்துவிட்டாள். பிள்ளைகள் அவளிடம் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். எல்லாம் இருந்தது, பட்டம் ஒன்றுதான் இல்லை.

வெளிநாட்டுப் பள்ளிகள் முதலில் கேட்பதோ அந்த ஒன்றைத்தான். நாலு வருஷப் பட்டம் இருக்கிறதா? இல்லையா, போய் வாருங்கள். சில நாடுகளில் சட்டமே அப்படி. சில நாடுகளில் கொஞ்சம் இளக்கம் உண்டு. சான்றிதழ் இருந்து, வகுப்பு நடத்திக் காட்டினால், உதவி ஆசிரியராக எடுத்துக்கொள்வார்கள். அந்த இளக்கம் இருக்கிற பள்ளிகளாகப் பார்த்து அவள் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தாள். எதற்கு இந்த ஓட்டம் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இதற்குத்தானம்மா: உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணை அந்த வீட்டில் யாரும் விசாரிப்பதில்லை. இங்கேயே இருந்தால் தானும் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்விடுவோம் என்று அவளுக்குப் பயம். அம்மாவைத் தங்களோடு வைத்துக்கொள்ள மாமாவும் அத்தையும் சம்மதித்துவிட்டார்கள். போக வேண்டியதுதான் பாக்கி.

போன வாரம் ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பெரியவள் போக இருந்த அதே நாடு, ஊர் மட்டும் வேறு. இன்றைக்கு நேர்காணல்.

காலையில் மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர். கடையில் ஜெராக்ஸ் மட்டுமா, பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன், எல்லாம் உண்டு. பெரியவள் போன பிறகு அவளுடைய பட்டச் சான்றிதழை எடுத்துப்போய் இரண்டு பக்கமும் பளபளவென்று லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்தவர் அவர்தான். துக்கத்தில் மனுஷன் என்ன செய்வார், தெரிந்த வேலையைச் செய்தார்.

இந்தப் பள்ளிக்குச் சின்னவளுடைய விண்ணப்பத்தை அனுப்பியதும் அவர்தான். என்ன அனுப்பினீர்கள், காட்டுங்கள் மாமா என்று அவள் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடையில் கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் மக்கர், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் சொன்னார். இன்றைக்கும் அதே மழுப்பல். நல்லதுக்குத்தான் பண்ணியிருக்கேன், நீ பேசுற வேலையை மட்டும் பாரு என்றார்.

நேர்காணல் பெரியவளுடைய அறையில். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். பெரியவளுடைய வெள்ளைப் பலகை சுவரில் இன்னும் இருந்தது. கட்டிலுக்கு அடியில் அவளுடைய பெட்டி, பூட்டினது பூட்டினபடி. சின்னவள் பெட்டி பக்கம் பார்க்காமல் லேப்டாப்பைத் திறந்துவைத்தாள்.

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். சின்னவள் வாங்கிக்கொள்ளவில்லை. அது யாருடைய கண்ணாடி என்று அவளுக்குத் தெரியாதா? ஹால் அலமாரியில் அம்மா வாரம் தவறாமல் துடைத்துவைக்கிற கண்ணாடி அது.

"அவ கண்ணாடி எனக்கு எதுக்கு மாமா?"

"லேசான பவர்தான். போட்டுக்கிட்டா ஒரு டீச்சர் களை வரும், சின்னு. மாமாவுக்காக."

அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. போட்டுக்கொண்டாள். அறை ஒரு சுற்று மங்கிப் போயிற்று. லேப்டாப் திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் ஒரு முகம் தெரிந்தது. அங்கே அக்கா உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பேருக்கும் ஒரே ஜாடை என்று ஊரே சொல்லும். சின்னவள் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வாள். இன்றைக்கு அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஹாலில் அம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட யூனிபார்ம் சீசன், தலைக்கு மேல் வேலை. மாமா லேப்டாப்புக்குப் பின்னால், கேமராவில் படாத மாதிரி சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டார். லேப்டாப்பில் அழைப்பு மணி அடித்தது. சின்னவள் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் தலைமையாசிரியை வந்தார். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். நிதானமான குரல், அவசரமே இல்லாத இங்கிலீஷ். காலை வணக்கம் சொன்னார். சொல்லிவிட்டு, அவள் பெயரைச் சொன்னார்.

அவள் பெயரையா? இல்லை. அந்தப் பெயரை. அந்த வீட்டில் இரண்டு வருஷமாக யாரும் சொல்லாத பெயர், முன்பின் தெரியாத ஒரு அம்மாள் வாயிலிருந்து, தெளிவாக, சத்தமாக வந்து அறையில் விழுந்தது.

ஹாலில் மெஷின் நின்றது.

சின்னவள் மெதுவாகக் கண்ணை உயர்த்தி மாமாவைப் பார்த்தாள். மாமா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையாட்டு, தலையாட்டு என்று கண்ணாலேயே கெஞ்சினார். கண்ணாடி எதற்கு, விண்ணப்பத்தை ஏன் காட்டவில்லை, எல்லாம் அவளுக்கு அந்த ஒரு நொடியில் புரிந்துபோயிற்று. பாவி மனுஷன் பெரியவளுடைய பட்டத்தையும் பெரியவளுடைய பெயரையும் வைத்து விண்ணப்பம் போட்டிருக்கிறார். போட்டோ மட்டும் சின்னவளுடையது.

எழுந்து போயிருக்கலாம். நீங்களும் நானும் அப்படித்தான் சொல்வோம், நமக்கென்ன. எத்தனை கதவு முகத்தில் சாத்தப்பட்டதென்று அவளுக்கல்லவா தெரியும்? திறந்த ஒரே கதவு இது. தலைமையாசிரியை காத்திருந்தார். சின்னவள் தலையாட்டினாள்.

கேள்விகள் வந்தன. கூச்சப்படுகிற பிள்ளையை எப்படிப் பேசவைப்பீர்கள்? ஒரே வகுப்பில் வேகமான பிள்ளையும் மெதுவான பிள்ளையும் இருந்தால் என்ன செய்வீர்கள்? சின்னவள் பதில் சொல்ல வாய் திறந்தாள். வந்தது அவளுடைய குரல் இல்லை. வாக்கியத்தின் முடிவில் குரலை லேசாக மேலே தூக்கிவிடுவது, நல்லதைச் சொல்வதற்கு முன் ஒரு சின்னச் சிரிப்பு, எல்லாம் அக்காவுடையது. அவள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கண்ணாடி போட்ட அந்த முகம் பேசியது, இவள் கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். நன்றாகவும் பேசியது. தலைமையாசிரியை இரண்டு தடவை தலையசைத்தார். மாமா சுவரில் சாய்ந்து மூச்சுவிட்டார்.

சின்னவளுக்குத்தான் உடம்பெல்லாம் வியர்த்தது. தன் பெயரில் பேசும்போது தடுமாறுகிற இங்கிலீஷ், செத்துப்போனவள் பெயரில் பேசினால் தண்ணீர் மாதிரி ஓடுகிறதே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

சரி, ஒரு பாடம் நடத்திக் காட்டுங்கள் என்றார் தலைமையாசிரியை. முதல் நாள் வகுப்பு. ஒரு வார்த்தைகூடத் தெரியாத பிள்ளைகள். எப்படி ஆரம்பிப்பீர்கள்?

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரியவள் தன் நேர்காணலுக்குப் பழகியபோது அவளுக்குப் பிள்ளைகள் கிடைக்கவில்லை. அம்மாவைத்தான் பிடித்தாள். அம்மாவுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது. அதைவிட நல்ல மாணவி எங்கே கிடைப்பாள்? தினமும் மெஷின் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த அறையில் வெள்ளைப் பலகைக்கு முன்னால் உட்கார்வாள் அம்மா. பெரியவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டுப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்பாள். பதிலை எடுத்துக் கொடுக்கவே மாட்டாள். எவ்வளவு நேரமானாலும் பிள்ளையே சொல்ல வேண்டும், அதுதான் அவள் முறை. "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டால் அம்மா யோசித்து யோசித்து, "மை நேம் இஸ் அம்மா" என்பாள். உன் பெயரைச் சொல்லும்மா என்று பெரியவள் தலையில் அடித்துக்கொள்வாள். கடைசிவரை அம்மா மாற்றவில்லை. நீ என்னை அப்படித்தானே கூப்பிடுற என்பாள்.

பெரியவள் போன பிறகு அம்மா இந்த அறைக்குள் ஸ்டூலோடு வந்ததில்லை. இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

சின்னவள் எழுந்து பலகைக்கு முன்னால் நின்றாள். கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

"குட் மார்னிங், சில்ட்ரன்."

அக்காவின் ராகம் அப்படியே வந்தது. மாமாவே ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் வழக்கப்படியே அவள் காத்திருந்தாள். கேமராவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் யாரும் இல்லை என்று தெரிந்தும் காத்திருந்தாள்.

"குட் மார்னிங், டீச்சர்."

பதில் ஹாலிலிருந்து வந்தது. கூடவே ஸ்டூல் தரையில் இழுபடுகிற சத்தம். அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தோளில் அளவு டேப், முந்தானையில் நூல் துணுக்குகள். மாமா பதறி எழுந்து, அக்கா, நீ வெளிய இரு என்று கிசுகிசுத்தார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. பலகைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

யார் அது என்று தலைமையாசிரியை சிரித்தபடி கேட்டார். என் அம்மா என்று சின்னவள் சொன்னாள். இருக்கட்டும், அவருக்கே நடத்துங்கள் என்றார் அவர்.

அடுத்த வரி என்ன என்று சின்னவளுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். முதல் பாடத்தில் டீச்சர் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பிள்ளையிடம் கேட்க முடியும்.

"மை நேம் இஸ்..."

அம்மா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைச் சின்னவள் பார்த்ததில்லை. ஒரு பெயர், ஒரே ஒரு பெயர். சொல்லிவிட்டால் அம்மா ஊரெல்லாம் சொல்லி வந்தது உண்மையாகிவிடும். வேலை கிடைக்கும். அக்காவின் பாஸ்போர்ட்டை மாமா எப்படியாவது சரிக்கட்டிவிடுவார். அந்தப் பெயரோடு ஒருத்தி விமானம் ஏறுவாள். இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்து அம்மா தினமும் போன் போடுவாள், பெரியவள் எடுப்பாள். எல்லாம் சரியாகிவிடும்.

அப்படியானால் செத்தது யார்? பெரியவள் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தால் இந்த வீட்டில் போனது யார்?

அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், ஒரு தடவையாவது என்னைப் பார்க்கமாட்டாளா என்று சின்னவளுக்கு ஆத்திரமாக வந்தது. பயமாகவும் இருந்தது. இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் தன்னைத் தானே எடுத்துக்கொண்டு போய் மயானத்தில் வைத்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அறை தெளிவாயிற்று. தன்னுடைய பெயரைச் சொன்னாள்.

மாமா நாற்காலியில் அப்படியே சரிந்தார். அம்மாவின் முகத்திலிருந்த வெளிச்சம் உடனே போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று. சின்னவள் கையைப் பின்னால் கட்டியபடியே, தன் குரலில், தன் தடுமாற்றத்தோடு கேட்டாள்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

காத்திருந்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை. அம்மா எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தாள். அம்மா அளவு டேப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"மை நேம் இஸ் அம்மா."

சின்னவளிடம், முதல் தடவையாக, அவளுடைய பாடத்தில் சொன்ன பதில் அது. சின்னவள் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அப்புறம் லேப்டாப் பக்கம் திரும்பினாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அது என் அக்காவின் பெயர், பட்டம் அவளுடையது, அவள் உயிரோடு இல்லை. எனக்குப் பட்டம் கிடையாது, இரண்டு வருஷப் படிப்புதான், சான்றிதழ் உண்டு, டியூஷன் பிள்ளைகள் உண்டு. விண்ணப்பம் என் பெயரில்தான் போயிருக்கிறது என்று நினைத்திருந்தேன், பெயரைக் கேட்ட பிறகும் தலையாட்டினேன், அது என் தப்பு. இங்கிலீஷ் அங்கங்கே முட்டியது. முட்டினாலும் விடாமல் சொல்லி முடித்தாள்.

திட்டப்போகிறார், அழைப்பைத் துண்டிக்கப்போகிறார் என்று சின்னவள் காத்திருந்தாள். தலைமையாசிரியை தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

பட்டம் இல்லாதவர்களை நாங்கள் உதவி ஆசிரியராக எடுப்பதுண்டு. உங்கள் பாடம் எனக்குப் பிடித்தது, கடைசிப் பகுதி முன் பகுதியைவிட அதிகமாகப் பிடித்தது. சொந்தப் பெயரில் வந்திருந்தால் இந்நேரம் வேறு பேச்சுப் பேசியிருப்போம். ஆனால் நான் உங்களைக் கூப்பிட்டது வேலைக்காக மட்டும் இல்லை. இதே பெயர், இதே பட்டம், இதே பிறந்த தேதியோடு எங்களிடம் போன வருஷமே ஒரு விண்ணப்பம் வந்தது. அதனால்தான் யார் இந்த இரண்டாவது ஆள் என்று பார்க்க நினைத்தேன்.

சின்னவளுக்குப் புரியவில்லை. முதல் ஆள் என்ன ஆனாள் என்று கேட்டாள்.

தலைமையாசிரியை அந்தப் பெயரை மறுபடி சொன்னார். பின்பு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் புரியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"ஷி இஸ் ஹியர். ஷி இஸ் எ டீச்சர்."

பெரியவள் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்த மூன்றாவது பாடம் அது. அம்மாவுக்கு மொழிபெயர்க்கத் தேவையே இல்லை. அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். திரைக்குக் கிட்டே போய் அந்த நரைத்த தலையை நன்றாகப் பார்த்தாள். பிறகு திரும்பி, சின்னவளையும் மாமாவையும் பார்த்து, சண்டையில் ஜெயித்த மாதிரி இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"நான்தான் சொன்னேனே. நீங்க யாரும் நம்பல."

சின்னவளுக்கு மேஜைமேல் இருந்த கண்ணாடியைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள். அந்தக் கை குளிர்ந்ததை அறிந்தவள் அவள். அவளே ஒரு கணம் நம்பிவிட்டாள் என்றால் பாருங்கள்.

அப்புறம்தான் மாமாவைப் பார்த்தாள். மாமா இருக்கிற இடம் தெரியாமல் குறுகிப்போய், லேமினேஷன் போட்ட அதே இரண்டு கைகளால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

நாளைக்கு இதே நேரம் மறுபடி கூப்பிடுகிறேன் என்றார் தலைமையாசிரியை. உங்கள் பெயரிலேயே வாருங்கள். வரும்போது, இங்கே என் பள்ளியில் பிள்ளைகளோடு இருப்பவள் யார் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். அதற்குப் பதில் இருந்தால்தான் உங்கள் வேலையைப் பற்றிப் பேச முடியும். திரை இருண்டது.

அம்மா ஹாலுக்குப் போனாள். சின்னவள் மாமாவின் முன்னால் போய் நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். யாருக்குக் கொடுத்தீங்க என்று ஒரு தடவை மட்டும் கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

அந்த மௌனத்தை மாமாவால் தாங்க முடியவில்லை. லேமினேஷன் போட்ட அன்றைக்கே ஒரு நகலைக் கம்ப்யூட்டரில் போட்டுவைத்ததைச் சொன்னார். கடைக்கு ஒரு பெண் வந்து அழுததைச் சொன்னார், அவளுக்கு அந்தப் பெயரிலேயே பாஸ்போர்ட்டும் சரிக்கட்டிக் கொடுத்ததைச் சொன்னார். அவளுக்கும் பட்டம் இல்லை, அவளுக்கும் எல்லாக் கதவும் அடைபட்டுவிட்டது.

"போனவளுக்கு அந்தப் பேப்பர் எதுக்கு, இருக்கிறவ ஒருத்தி பொழைச்சுக்கட்டுமேன்னு குடுத்துட்டேன், சின்னு. அது நல்லபடியா நடந்துச்சு. அதனாலதான் உனக்கும்... அவங்க ரெண்டையும் ஒப்பிட்டுப் பாப்பாங்கன்னு எனக்குத் தோணல."

"யாரு மாமா அவ?"

மாமா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அதை மட்டும் கேக்காத. சொன்னா உங்கம்மா என்னை இந்த வாசப்படி மிதிக்க விடமாட்டா. அந்தப் பொண்ணு உங்களுக்குத் தெரியாத ஆளு இல்ல."

அதற்குள் அம்மா திரும்பி வந்துவிட்டாள். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா கையில் ஈரத்துணி இருந்தது. குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் இழுத்தாள். சக்கரம் துருவேறிக் கிறீச்சிட்டது. அறை நடுவில் நிறுத்தி, மேல்மூடியைத் துடைத்தாள், கைப்பிடியைத் துடைத்தாள், ஓரங்களில் அப்பியிருந்த தூசியை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பெரியவள் கட்டிவைத்ததற்குப் பிறகு அந்தப் பெட்டியை யாரும் தொட்டதில்லை.

துடைத்து முடித்துவிட்டுச் சின்னவளை நேராகப் பார்த்தாள்.

"நீ வேலைக்குப் போகப்போறதும் அங்கதான. போறப்ப இதை எடுத்துட்டுப் போய் அவகிட்ட குடுத்துரு. ஸ்வெட்டர் பூராவும் இதுக்குள்ளதான் கெடக்கு. இத்தனை நாளா குளிர்ல என்ன பண்றாளோ."

சின்னவள் மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டுப் போவல்ல?" என்றாள் அம்மா.

கேட்டுவிட்டு, ஈரத்துணியோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். புருவத்தைத் தூக்கினாள். வேறு ஒன்றும் சொல்லாமல் நின்றாள். எவ்வளவு நேரமானாலும் பிள்ளையே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"எடுத்துட்டுப் போறேம்மா," என்றாள் சின்னவள்.